கூரைக்குள்ளே ஆள் நடமாட்டம்

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் மருமகளுக்குக் கை சும்மா இருக்காது. வருவது உறவுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அடுப்பு பழுது பார்க்க ஆள் வருகிறான் என்றால் அடுப்பைத் தேய்த்துப் பளபளவென்று வைப்பாள். அவன் வந்து, "இதுல என்னம்மா கோளாறு, புதுசு மாதிரி இருக்கே" என்று தலையைச் சொறிவான். தரை துடைக்க ஆள் வைத்திருந்த கொஞ்ச காலத்தில் அந்த அம்மா வருவதற்கு முன்னால் தானே ஒருமுறை துடைத்துவிடுவாள். "நம்ம வீட்டு அழுக்க அவங்க எதுக்குப் பாக்கணும்?" என்பது அவள் கட்சி. கணவன் பொதுவாகவே எதற்கும் பதில் சொல்கிற ஆள் இல்லை.

அப்படிப்பட்டவள், கூரைக்குள் விலங்கு ஏதாவது புகுந்திருக்கிறதா, புக வழி இருக்கிறதா என்று ஆய்வு செய்ய ஒருத்தி வரப்போகிறாள் என்றதும் சும்மா இருப்பாளா? முந்தின நாள் வேலை முடிந்த கையோடு இறங்கிவிட்டாள். மாடி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கம்பு கட்டிய துடைப்பத்தால் கூரை விளிம்புக்குக் கீழே சுவரில் படிந்திருந்த கறுப்புப் பிசுக்கைத் தேய்த்தாள். மழைத்தண்ணீர்க் குழாயில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை. துணி காயப்போடும் பின்தளத்தில் கொட்டை கொட்டையாக ஏதோ காய்ந்து கிடந்தது. பறவையோ பூனையோ என்று முணுமுணுத்தபடி அள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். மாமனார் அறைச் சீலிங்கில் மஞ்சளாகப் பரவியிருந்த கறைமேல், மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டை ஒரு பூச்சு பூசினாள். மாடிப்படிக்கு மேலே கூரைக்குள் ஏறுவதற்கென்று இருந்த சதுரப் பலகையைத் தள்ளி, மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசனை ஸ்ப்ரே ஒரு டப்பா முழுவதையும் உள்ளே அடித்தாள். கீழே இறங்கியபோது இடுப்பு இற்றுப்போயிருந்தது.

"ஏம்மா, எதையும் தொடாம அப்படியே வைங்கன்னு அந்தப் பொண்ணு போன்ல சொல்லுச்சே" என்றார் மாமனார், படியில் நின்றுகொண்டு.

"ஆள் வர்ற வீடு மாமா. போட்டது போட்டபடி கெடக்கட்டுங்கறீங்களா?"

"அது பாக்க வர்றதே அதைத்தான..."

"உங்க சிரமம் எனக்குப் புரியுது மாமா. கஞ்சி ஆறிப்போகுது, வந்து சாப்பிடுங்க."

'உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது' என்பது அவள் வேலைக்கான வசனம். துணி துவைக்கும் மிஷின் விற்கும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே புகார் கேட்கிற வேலை. காதில் மாட்டுவதை மாட்டிக்கொண்டு காலையில் உட்கார்ந்தால், மிஷின் குதிக்கிறது, கத்துகிறது, சட்டையைக் கிழித்துவிட்டது என்று ஊரில் உள்ளவர்கள் எல்லாம் அவளைப் பிடித்து உலுக்குவார்கள். எல்லாருக்கும் முதலில் அந்த வசனத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லிச் சொல்லி அது இப்போது வீட்டிலும் தானாக வாயில் வருகிறது. மாமனாருக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டமெல்லாம் நின்று எத்தனையோ காலமாகியும் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. தண்ணீர் கேட்டால்கூடக் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். எதற்கெடுத்தாலும் 'ரைட்டு' என்பார், அதனால் தெருவில் அவருக்கு 'ரைட்டு' என்றே பெயர். மனைவி போனபிறகு மாடியில் பின்பக்க மூலை அறையில் இருந்தார். மழை ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு ஒரே ஒரு புகார்தான். சீலிங்குக்கு மேலே ஆள் நடமாட்டம் இருக்கிறது.

"ஆள்னா ஆளே இல்லம்மா. ஆனா நடக்குது. பூனைன்னா இப்படிக் கனமா நடக்காது. தொம்முன்னு குதிக்குது, தரதரன்னு எதையோ இழுக்குது. விடியறப்ப பாரு, அப்பத்தான் வீட்டுக்கு வருது."

"எலியா இருக்கும் மாமா."

"எலி கொலுசு கட்டிக்கிட்டு ஆடினாலும் அவ்வளவு சத்தம் வராது."

இதைக் காலையில் ஒருமுறை சொல்வார். அவள் முட்டை உடைத்து ஊற்றும்போது ஒருமுறை. அவள் ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் ஒரு வாய் டீ குடிக்க எழுந்தால், அதற்காகவே காத்திருந்தவர் போலப் படியிறங்கி வந்து மறுபடி ஒருமுறை. மகன் வீட்டுக்கு வந்ததும் அவனிடம் முழுசாக முதலிலிருந்து. மகன் "சரிப்பா, பாக்கலாம்பா" என்பான். அவன் சாலை போடும் காண்டிராக்ட் ஒன்றில் கணக்கு மேற்பார்வை. விடிந்தால் போனவன் இருட்டினால்தான் வருவான். பாக்கலாம்பா என்றால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மருமகளுக்கும் சத்தம் கேட்டிருந்தது.

முதல் தடவை கேட்டது ஒரு சாயங்காலம். மாமனார் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே தொம் என்று ஒன்று விழுந்தது. பிறகு இழுக்கிற சத்தம். பிறகு சின்னதாக ஒரு சிணுங்கல், பல குரலில். கையில் போர்வையோடு அப்படியே நின்றாள். 'பைப்பு' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பைப்பு சிணுங்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு முன்னால் வேலைகள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. இப்போது கீழே போய் ஆமாம் என்று சொன்னால் அவர் பிடித்துக்கொள்வார். ராத்திரிவரை விடமாட்டார். ஆள் தேட வேண்டும், லீவு போட வேண்டும், பிரிக்க வேண்டும், அள்ள வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போர்வையை மடித்து வைத்துவிட்டு இறங்கினாள்.

"மேல இருந்தியே, கேட்டுச்சாம்மா?" என்று கேட்டார் அவர்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல மாமா."

அதுதான் தப்பாகப் போயிற்று. ஒருமுறை கேட்கவில்லை என்று சொல்லிவிட்ட பிறகு, இரண்டாவது தடவை கேட்டதை எந்த வாயால் சொல்வது? மூன்றாவது தடவை வந்தபோது அவளே கிட்டத்தட்ட பைப்பு என்று நம்பிவிட்டிருந்தாள்.

இதற்குள் நாத்தனார் காதுக்கு விஷயம் போயிருந்தது. நாத்தனார் வேறு ஊரில் இருக்கிறாள். எந்த விஷயத்தையும் தூரத்திலிருந்து தீர்த்துவைக்கத் தெரிந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார்கள். மருமகள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றாள் நாத்தனார். "இல்லாத சத்தம் கேக்கும், அப்புறம் இல்லாத ஆள் தெரியும். இங்க பெரியவங்க தங்கற இடம் ஒண்ணு இருக்கு. டாக்டர் உள்ளயே இருக்காரு. ஒரு ரூம் காலியாகுது, நான் சொல்லி வெச்சிருக்கேன்."

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றார் மாமனார். "என்னை வெச்சுக்கிட்டே பேசற."

"உங்களுக்காகத்தான்ப்பா பேசறேன். வீட்ல வேற யாருக்குமே கேக்கலயே. அண்ணி, உனக்குக் கேட்டுச்சா?"

நாத்தனார் அவள் கணவனுக்கு அக்கா; அண்ணி என்று கூப்பிடுவது மரியாதைக்கு மட்டும். மருமகள் கத்தியை நிறுத்தவில்லை. "எனக்கு எங்க கேக்கும், காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள். பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அறையில் இருந்த எல்லாருக்கும் அது 'இல்லை' என்றே கேட்டது.

மாமனார் மேஜையில் சிதறிக் கிடந்த பீன்ஸ் நாரை ஓரமாகக் கூட்டி ஒதுக்கினார். பிறகு சொன்னார்.

"ரைட்டு. இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்களாம். வீட்டச் சுத்திப் பாத்து, மிருகம் வருதா, எந்த வழியா வருதுன்னு சொல்லுவாங்களாம். நான் வரச் சொல்றேன். மேல ஒண்ணுமில்லன்னு அவங்க சொல்லிட்டா, மறுபேச்சு பேச மாட்டேன். நீ சொல்ற எடத்துக்குப் போறேன். இருக்குன்னு சொன்னா இந்தப் பேச்ச இதோட விட்ரணும்."

"அப்பா, அது எதுக்கு..." என்று இழுத்தான் மகன்.

"சரி" என்றது போன். "வரச் சொல்லுங்க."

மருமகள் நறுக்கியதை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவர் போய்விட்டால் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததும், தன்மேலேயே எரிச்சல் வந்து பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

ஆய்வுக்கு வந்தவள் முப்பது வயதுக்குள் இருக்கிற, ஒல்லியான, வாய் ஓயாத பெண். முழங்கால்களில் திண்டு தைத்த கால்சட்டை, நெற்றியில் விளக்கு, கையில் நீட்டி மடக்கும் கம்பு, அதன் நுனியில் ஒரு கேமரா. வந்ததும் முதல் வேலையாகத் தன் விதிகளைச் சொன்னாள்.

"நான் பிடிக்க மாட்டேன், விரட்ட மாட்டேன், மருந்து வைக்க மாட்டேன். பாக்கறது மட்டும்தான் என் வேலை. பாத்துட்டு எழுதித் தருவேன். எல்லாரும் கடைசில 'அப்ப பிடிச்சுக் குடுங்க'ன்னு கேப்பாங்க, அதான் முதல்லயே சொல்லிடறேன்."

மகன் அன்று அரை நாள் லீவு போட்டிருந்தான். நாத்தனார் போனில், அவன் சட்டைப் பையில் இருந்தாள். மாமனார் கஞ்சி போட்ட சட்டை மாட்டி, தலையைப் படிய வாரியிருந்தார். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண் வீட்டைச் சுற்ற, மூவரும் குடையோடு அவள் பின்னால் சுற்றினார்கள். காற்றுப்போக்கி வலைகளை விரலால் தள்ளிப் பார்த்தாள். கதவடிச் சந்தில் பென்சிலை விட்டுப் பார்த்தாள். கூரையை ஒட்டி வளர்ந்திருந்த மரக்கிளையைக் காட்டி, "இதை வெட்டிடுங்க, இது பாலம் மாதிரி" என்றாள். பின்பக்க மூலைக்கு வந்ததும் ஏணி போட்டு ஏறினாள்.

"இங்க ஒரு பலகை விட்டுப்போயிருக்கு! கை நுழையுது!" என்று மேலிருந்து கத்தினாள்.

"அதான்! அதுதான்!" என்றார் மாமனார். குரல் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். "என் ரூமுக்கு நேர் மேல!"

அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். விளக்கைச் சாய்த்துச் சாய்த்துச் சுவரைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். இறங்கி வந்தபோது முகத்தில் பழைய சுறுசுறுப்பு இல்லை.

"சந்து இருக்குங்க ஐயா. ஆனா அதுல எதுவும் போய் வர்றதாத் தெரியல. ஒரு மிருகம் வீட்டுக்குள்ள குடியிருந்தா தெனம் ஒரே வழிலதான் போகும், வரும். உடம்புப் பிசுக்கு உரசி உரசி அந்த இடமே கறுத்துப்போயிருக்கும். இங்க சுவரு கண்ணாடி மாதிரி இருக்கு. கீழ எச்சமும் இல்ல. இவ்வளவு சுத்தமான சுவர நான் பாத்ததே இல்ல."

மருமகள் குடைக் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"அது..." என்றார் மாமனார். மருமகளைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவர் சொல்லவில்லை. அவள் சொல்லட்டும் என்று விட்டாரா, மகன் முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்க மனமில்லையா, தெரியவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் மகன், "சரி, உள்ள பாத்துடலாமே" என்று நடந்துவிட்டான்.

உள்ளே சதுரப் பலகையைத் தள்ளித் தலையை நுழைத்தவள், ஒரு தும்மல் போட்டாள். அடுத்தடுத்து இன்னும் சில.

"என்னங்க இது, கல்யாண மண்டபம் மாதிரி மணக்குது? மிருகம் இருந்தா மூத்திர வாடைய வெச்சே பாதி கண்டுபிடிச்சிடுவேன். இங்க எனக்கு மூக்கே அடைச்சுப்போச்சு."

கம்பை நீட்டிப் பார்த்தாள். நடுவில் பெரிய தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டி மூலைக்கு மேலே கேமரா போகவில்லை. காது கொடுத்துக் கேட்டாள். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூறல் ஓட்டில் விழுகிற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. பகலில் அதுவும் தூங்கத்தானே செய்யும்? மாமனார் அறைச் சீலிங்கையும் கீழேயிருந்து பார்த்தாள். வெள்ளைவெளேர் என்று இருந்தது.

கூடத்துக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "சந்தை அடைக்கணும், கிளைய வெட்டணும். தொட்டிக்கு அந்தப் பக்கம் என்னால பாக்க முடியல, அதையும் எழுதிடறேன். மத்தபடி உள்ள ஏதும் இருக்கறதுக்கு அடையாளம் இல்லங்க."

மகனின் தோள் இறங்கியது தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து நாத்தனார், "நான் சொல்லல?" என்றாள்.

மாமனார் தலையை ஆட்டினார். "ரைட்டு" என்றார். அந்த வார்த்தை இவ்வளவு மெதுவாக அவர் வாயிலிருந்து வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மாடிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் பை இருந்தது. ஜிப்பெல்லாம் இழுத்து மூடி, பக்கவாட்டில் குடையும் செருகி, தயாராக இருந்தது.

பையைப் பார்த்ததும் மருமகளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ குரல்.

"கொஞ்சம் நில்லுங்க! நான்தான் தொடச்சேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"சுவரு கறுப்பாத்தான் இருந்துச்சு. நேத்துத்தான் தேச்சேன். தளத்துல கொட்ட கொட்டையாக் கெடந்துச்சு, அள்ளிப் போட்டேன். சீலிங்ல கறை இருந்துச்சு, பெயிண்ட் அடிச்சேன். வாசனையும் நான்தான்."

ஆய்வுக்காரப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மேடம், ஆய்வுக்கு முன்னாடி எதையும் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"ஆய்வுக்காகத் தொடைக்கல. ஆள் வர்றாங்களேன்னு தொடச்சேன்."

"நான்தாங்க அந்த ஆளு!"

ஆய்வுக்காரப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "அந்தக் குப்பை எங்க?" என்றாள்.

குப்பை வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. வாசலில் தூறலில் குந்தி உட்கார்ந்து, முட்டைத் தோட்டையும் பீன்ஸ் நாரையும் விலக்கி விலக்கித் தேடி, காகிதத்தில் சுருட்டிப் போட்டிருந்ததை எடுத்தாள். விரித்து முகர்ந்தாள். "மரநாய்" என்றாள். "பழத்த முழுங்கிட்டுக் கொட்டைய அப்படியே போட்ரும். இதுல சந்தேகமே இல்ல. முதல்லயே இத வெச்சிருந்தா நான் ஏணிகூடப் போட்டிருக்க மாட்டேன்." முணுமுணுத்துக்கொண்டே ஏணியை மறுபடி பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனாள். வெளிச் சந்தின் வழியாகக் கேமராக் கம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டாள். இன்னொரு கையில் போன். அதில் படம் தெரிந்தது.

"ஐயா, இங்க வாங்க."

போனை அவரிடம் நீட்டினாள். கூரைக்கடியில் வெயில் இறங்காமலிருக்கப் பரப்பியிருந்த பஞ்சைக் கிழித்து வட்டமாகக் குழி செய்து, அதில் ஒரு தாய் சுருண்டிருந்தது. விளக்குப் பட்டதும் அதன் கண்கள் பச்சையாகத் திரும்பின. வயிற்றோடு ஒட்டிக் குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று.

எல்லாரும் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். 'பாத்தியா, பாத்தியா' என்று தெருவைக் கூட்டுவார் என்றுதான் மருமகளும் நினைத்தாள். அவர் கத்தவில்லை. போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, படம் அணைந்துவிடுமோ என்று பயந்தவர் போலப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ச்சே, இவ்வளவு பெரிசு! இத்தன நாளா மேல இருந்திருக்கு, நமக்கு யாருக்குமே கேக்கலயே" என்றான் மகன்.

மாமனார் தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தார். "உனக்குமா கேக்கலம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பை எப்படியும் திரும்ப மேலே போகப்போகிறது. யாரும் அதற்குமேல் கேட்டிருக்க மாட்டார்கள்.

"கேட்டுச்சு மாமா" என்றாள்.

"கேட்டுச்சா?" என்றான் கணவன். "ஏன் சொல்லல? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

இத்தனை நாளாக எதற்கும் வாய் திறக்காதவன் வாய் திறந்து கேட்ட கேள்வி இது. அவளுக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

"சொன்னா? சொன்னா என்ன ஆயிருக்கும், சொல்லுங்க! 'சரி, பாக்கலாம்'ம்பீங்க. அப்புறம் யாரு ஆள் தேடறது? நான். யாரு லீவு போட்டு வீட்ல நிக்கறது? நான். ஏணிய யாரு பிடிக்கறது, அவங்க கொட்டற மண்ண யாரு கூட்டறது, மேல நாறிக் கெடக்கறத யாரு அள்றது? நீங்களா? உங்க அக்காவா? அவங்க போன்லயே பெருக்கிடுவாங்களா? காலைலேருந்து ஊர்ல உள்ளவன் வீட்டுச் சத்தமெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப்போச்சு. நம்ம வீட்லயும் ஒரு சத்தம்னா... அதையும் கேக்க எனக்குத் தெம்பு இல்லங்க. அதான் கேக்கலன்னேன். ஒரு தடவ சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்தறதுன்னு தெரியல."

சட்டைப் பையில் நாத்தனார், "அண்ணி, நீ பேசறது கொஞ்சமும்..." என்று ஆரம்பித்தாள். மகன் முதல்முறையாக ஒரு காரியம் செய்தான். போனை எடுத்து அணைத்தான்.

ஆய்வுக்காரப் பெண் ஏணியில் நின்றபடி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள்.

மாமனார் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் குரல் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

"அந்தப் பை இன்னைக்குக் கட்டினதில்லம்மா. ஞாயித்துக்கிழமையே கட்டிட்டேன். இவங்க வருவாங்க, ஒண்ணுமில்லம்பாங்க, அதுதான் நெசம்னு நெனச்சிருந்தேன். ராத்திரி சத்தம் கேக்கும். இல்லடா, கேக்கல, உனக்குத்தான் கழண்டுபோச்சுன்னு நானே சொல்லிக்குவேன். இவன் கேக்கலன்னு சொன்னப்ப நான் கண்டுக்கல. இவன் வீட்ல இருந்தாத்தான? நீ என் பக்கத்துலயே நிக்கறவ. நீ கேக்கலன்னு சொன்ன பாரு, அதத்தான் நான் நம்பினேன். என் காத விட்டுட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அழவும் எரிச்சலாக இருந்தது. மாமனார் மெதுவாக உள்ளே போனார்.

குட்டிகள் இருக்கும்போது சந்தை அடைக்கக் கூடாது என்றாள் ஆய்வுக்காரப் பெண். அடைத்தால் தாய் வெளியே நின்று கூரையையே பிய்த்துவிடும், குட்டிகள் உள்ளேயே செத்து நாறும். அவை நடமாடப் பழகித் தாயோடு வெளியே போய்வரத் தொடங்கிய பிறகு தான் மறுபடி வந்து பார்த்துச் சொல்வதாகவும், அதற்கப்புறம் ஆள் வைத்து அடைக்கலாம் என்றும் சொன்னாள்.

"அதுவரைக்கும்?" என்றான் மகன்.

"அதுவரைக்கும் சத்தம் இருக்கும். தயவுசெஞ்சு எதையும் தொடைக்காதீங்க." மருமகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பை கூடத்தில் படிக்குக் கீழேயே இருந்தது. அதை மேலே கொண்டுபோக யாரும் துணியவில்லை. மாமனாரும் கொண்டுபோகவில்லை. காலையில் வந்து ஷேவிங் பிரஷை மட்டும் எடுத்துப்போவார். குளிக்கும்போது ஒரு துண்டு. இன்னொரு நாள் ஒரு சட்டை. நாத்தனார் போன் செய்தால், "மிருகம் இருந்துச்சு, பேச்சு முடிஞ்சுது" என்று வைத்துவிடுவார். மருமகளோடு பேச்சே இல்லை. கஞ்சி வைத்தால் சாப்பிடுவார், டீ வைத்தால் குடிப்பார். இத்தனை நாளாக அவர் எப்போது வாயை மூடுவார் என்று ஏங்கியவளுக்கு, இப்போது அந்த அமைதி தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. ஒரு மனுஷன் கோபப்பட்டால் திட்டித் தொலைக்க வேண்டியதுதானே?

முதல் தடவை அவள் சொன்னது ஒரு விடியற்காலையில். அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். மேலே தொம் என்றது. என்ன தோன்றியதோ, மாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, கேட்டுச்சு."

பதில் இல்லை. சாயங்காலம் மறுபடி சத்தம் வந்தது. மறுபடி சொன்னாள். அதற்கும் பதில் இல்லை. அதற்கப்புறம் விடவில்லை. பாத்திரம் கழுவும்போது, துணி உதறும்போது, தலை துவட்டும்போது, மேலே எது அசைந்தாலும் "கேட்டுச்சு மாமா" என்றாள். கணவன் பயந்துபோய்ப் பார்த்தான். "நீங்க சும்மா இருங்க" என்றாள். கேட்டதைச் சொல்கிறோம், ஒரு 'ம்' சொன்னால் குறைந்தா போய்விடும் என்று உள்ளுக்குள் பொருமினாள். பொருமிக்கொண்டே அடுத்த சத்தத்துக்கும் சொன்னாள்.

ஒரு நாள் வேலை முடிய இன்னும் ஒரு போன்தான் பாக்கி. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. புது மிஷின் வாங்கிய ஒருவர் விடாமல் கத்திக்கொண்டிருந்தார். மேலே குட்டிகள் விழித்துக்கொண்டன போலிருக்கிறது. தடதடவென்று இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடின. மருமகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாமா, கேட்டுச்சு!"

ஒன்றுமில்லை. மேலே மறுபடி ஒரு ஓட்டம், ஒரு உருளல். கழுத்தில் அந்த ஆள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அவள் எழுந்து படிக்கு அடியில் வந்து, உள்ளதையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"மாமா! கேட்டுச்சு!"

மாடியிலிருந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரல் இறங்கி வந்தது.

"கேட்டுச்சும்மா, கேட்டுச்சு! ஒரு தடவ சொன்னாப் போதாதா? எத்தன தடவதான் சொல்லுவ, எனக்கென்ன காது செவிடா?"